அபூ ஸஅபலில் ஒரு மருத்துவப் பள்ளி

நம் ஊர்களில் கல்லூரி ஒன்றைத் தோற்றுவிப்பது குறித்துப் பெரியவர்கள் கூடி ஆலோசிக்கும் போதெல்லாம் ஒரு வழக்குத் தவறாமல் எழுவதை நாம் கேட்டிருக்கின்றோம். 'முதலில் நம் பிள்ளைகள் அதற்குரிய தகுதியைப் பெறட்டும். கல்லூரியைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம்' என்பர் ஒரு சாரார். 'கல்லூரியே இல்லாதபோது தகுதி எங்கிருந்து வரும்?' என்பர் மறு சாரார். கலைக் கல்லூரியாயின் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டுவிடும். அறிவியல் கல்லூரி, அதிலும் மருத்துவம் போன்ற கடுமையான கல்வி என்றால், முன்னவர் கட்சியே பெரும்பாலும் வென்றுவிடும். கணக்கும் இயற்பியலும் அறியாத மாணவரைக் கொண்டு எதைச் சாதிக்க முடியும் என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர், நைல் நதி பாயும் மிஸ்ர் நாட்டில் இதே வழக்கு எழுந்தது. அங்கு ஒருவர் வாதத்தை நிறுத்திவிட்டுப் பள்ளியைத் திறந்தார். அதன் பயனாய் விளைந்தவை எவை, விளையாமற் போனவை எவை என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நமக்குப் பயன் தரும்.

தேவை பிறந்த விதம்

1805 ஆம் ஆண்டில் எகிப்தின் ஆளுநரான முகம்மது அலி பாஷா, நாற்பது வயதைக் கடந்த பின்னரே எழுதப் படிக்கக் கற்றவர். ஆயினும் ஐரோப்பியப் படைகளின் வலிமைக்குப் பின்னே கல்வி நிற்பதை அவர் தெளிவாகக் கண்டுகொண்டார். 1820 களில் நாட்டின் குடியானவர்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்துப் புதிய முறையில் பயிற்றுவிக்கத் தொடங்கினார். பல்லாயிரவர் ஓரிடத்தில் தங்கிய பாசறைகளில் நோயும் தங்கிற்று. போரில் மாண்டோரினும் பாசறையில் மாண்டோர் மிகுதியாயினர். மருத்துவரோ மிகச் சிலர். அவர்களும் அயல் நாட்டினர்.

இந்நிலையில் 1825 ஆம் ஆண்டு எகிப்துக்கு வந்து சேர்ந்தவர் அந்துவான் பார்த்தெலெமி குளோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1793 இல் கிரெனோபிள் நகரிற் பிறந்த இவர் வறுமையில் வளர்ந்தவர். மார்சேய் நகரில் நாவிதர் ஒருவரிடம் வேலை பார்த்தவாறே அறுவை மருத்துவத்தின் அரிச்சுவடியைக் கற்று, பின்னர் மோன்பெலியேயில் முறையாகப் பட்டம் பெற்றவர். போதிய முன்கல்வியின்றி உயர்கல்வியை எட்டிப் பிடித்த தம் சொந்த அனுபவமே, பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுக்கு ஊக்கமளித்திருக்கக் கூடும் என்று நாம் கருதலாம்.

கெய்ரோவுக்கு வடகிழக்கே, படைகள் தங்கியிருந்த கான்காவுக்கு அருகில், அபூ ஸஅபல் என்னும் இடத்தில் குளோ ஒரு பெரிய படை மருத்துவமனையை அமைத்தார். அங்கேயே மருத்துவப் பள்ளி ஒன்றையும் நிறுவ வேண்டும் என்று பாஷாவிடம் வற்புறுத்தினார். 1827 ஆம் ஆண்டில் அப்பள்ளி நூறு மாணவருடன் தொடங்கிற்று.

மூன்று வழிகள்

பள்ளியைத் தொடங்குமுன் மூன்று வழிகள் அவர்முன் இருந்தன. இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது முதல் வழி. பாஷா இதையும் கைக்கொள்ளாமல் இல்லை. 1826 இல் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர் பாரிஸுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் ஒரு படைக்கும் ஒரு நாட்டுக்கும் வேண்டிய மருத்துவரை எல்லாம் கப்பலேற்றி அனுப்பிக் கற்பிப்பது ஆகக்கூடிய செயலன்று.

மாணவருக்கு முதலில் பிரெஞ்சு மொழியைக் கற்பித்து, அம்மொழியில் அவர்கள் தேர்ந்த பின்னர் மருத்துவத்தைத் தொடங்குவது இரண்டாவது வழி. ஐரோப்பியர் பலரும் இதையே பரிந்துரைத்தனர். இதில் சில ஆண்டுகள் மொழிக்கே செலவாகிவிடும். மொழி கற்றவருள் எத்தனை பேர் மருத்துவத்தில் நிலைப்பர் என்பதும் ஐயமே.

மூன்றாவது வழி, மாணவர் அறிந்த அரபு மொழியிலேயே முதல் நாள் தொட்டு அறிவியலைக் கற்பிப்பது. குளோ இதையே தேர்ந்தார். பிரெஞ்சு மொழியையும் உடன் கற்பிக்க ஏற்பாடு செய்தார். எனினும் அதை வாயிற்காவலாக வைக்கவில்லை. பக்கத்து வாசலாகவே வைத்தார். பிரெஞ்சு வரும்வரை மருத்துவம் காத்திருக்கவில்லை.

அந்நூறு மாணவர் யாவர்? அவர்கள் அல்அஸ்ஹரிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அரபு இலக்கணம், தர்க்கம், ஃபிக்ஹு முதலியவற்றில் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. நீண்ட பாடங்களை மனத்தில் இருத்தும் ஆற்றலும், ஓர் உரைக்கு எழுந்த மறு உரையை நுணுகி நோக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தன. இல்லாதவை வேதியியல், இயற்பியல், தாவரவியல், ஐரோப்பிய மொழிகள் ஆகியவை. மருத்துவத்திற்கு வேண்டியன என்று ஐரோப்பியர் பட்டியலிட்டவற்றுள் ஏறக்குறைய எதுவுமே அவர்களிடம் இல்லை.

இங்கே நாம் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தகுதியில்லை என்று பிறர் கண்ட இடத்தில் குளோ வேறு வகைத் தகுதியைக் கண்டார். படிப்பை ஒரு தொழிலாகவே செய்து பழகியவர்கள் அவர்கள். எதைப் படிப்பது என்பதை மாற்றினால் போதும். எப்படிப் படிப்பது என்பதை அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு உணவு, உடை, உறைவிடம், மாதந்தோறும் சிறு உதவித் தொகை ஆகியவற்றை அரசே அளித்தது. வறிய வீட்டுப் பிள்ளைகள் இடையில் நின்றுவிடாதிருக்க இஃது இன்றியமையாததாயிற்று.

பாடம் நடந்த முறை

இனி, பள்ளியறைக்குள் நுழைவோம். பிரெஞ்சியரும் இத்தாலியருமாகிய ஆசிரியருக்கு அரபு தெரியாது. மாணவருக்கு அவர்தம் மொழிகள் தெரியா. இருவருக்கும் நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளருக்கோ மருத்துவம் தெரியாது. இம்மூன்று அறியாமைகளையும் வைத்துக்கொண்டு ஓர் அறிவியல் கல்லூரி நடைபெற்றது என்றால் நம்புவதற்குச் சற்றுக் கடினமாகவே இருக்கும்.

குளோ கண்ட முறை இது. பாடம் மாணவர் முன் வருவதற்கு முன்னரே ஆசிரியர் அதை மொழிபெயர்ப்பாளருக்கு விளக்குவார். சொல்லை மட்டுமன்று, பொருளையும் அவர் உணர்ந்துகொள்ள வேண்டும். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவத்தை மொழிபெயர்க்க இயலாது என்பதால், மொழிபெயர்ப்பாளரும் மாணவராயினர். அவர்களும் பாடங்களைக் கற்றனர். பின்னர் அரபில் ஆக்கிய பாடம், அது சரிதானா என்று அறிவதற்காக, மீண்டும் ஆசிரியரின் மொழிக்குத் திருப்பிச் சொல்லப்படும். பிழை தென்பட்டால் திருத்துவர். அதன் பின்னரே மாணவருக்குப் பாடம் சொல்லப்படும்; அவர்கள் எழுதிக்கொள்வர். அடுத்து, பிணியாளர் படுக்கையருகே அப்பாடம் கண்கூடாக விளக்கப்படும். மருத்துவமனையும் பள்ளியும் ஒரே இடத்தில் அமைந்ததன் நன்மை இதுவே. ஏட்டில் தெளிவுறாதது நோயாளியிடத்தில் தெளிவுற்றது.

சிரியாவைச் சேர்ந்த கிறித்தவரான யூஹன்னா அன்ஹூரி இம்மொழிபெயர்ப்பாளருள் முதன்மையானவர். பேல் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் உடற்கூற்று நூலை இவர் அரபில் ஆக்கினார். 'அல்கவ்லுஸ் ஸரீஹ் ஃபீ இல்மித் தஷ்ரீஹ்' என்ற பெயரில் அந்நூல் 1832 இல் அபூ ஸஅபலிலேயே அச்சாயிற்று. பாரிஸில் கற்றுத் திரும்பிய ரிஃபாஆ அத்தஹ்தாவியும் 1831 க்குப் பின் சிறிது காலம் இப்பள்ளியில் மொழிபெயர்ப்புப் பணி ஆற்றினார். அரபுலகின் புது மறுமலர்ச்சிக்கு முன்னோடியாகப் போற்றப்படும் அவர், 1835 இல் மொழிகளுக்கெனத் தனிப்பள்ளி அமைத்ததற்கு இங்குப் பெற்ற அனுபவமும் உதவியிருத்தல் வேண்டும்.

சொல் தேடிய ஷெய்குகள்

மொழிபெயர்ப்பாளர் தந்த நடை பல வேளைகளில் கரடுமுரடாக இருந்தது. ஆகவே அல்அஸ்ஹரின் ஷெய்குகள் சிலர் திருத்துநர்களாக அமர்த்தப்பட்டனர். இவர்களின் பணியை வெறும் அச்சுப்பிழை திருத்தம் என்று நாம் எண்ணிவிடலாகாது. அரபு மொழிக்கு அறிவியல் நாவை மீண்டும் பெற்றுத் தந்தோர் இவர்களே.

ஒரு புதுப் பொருளுக்குச் சொல் வேண்டுமாயின் இவர்கள் முதலில் பழைய நூல்களைப் புரட்டினர். இப்னு ஸீனா முதலிய முன்னோரின் மருத்துவ நூல்களிலும் பேரகராதிகளிலும் தேடினர். நாடிக்குழாய்க்கு 'ஷிர்யான்', சிரைக்கு 'வரீத்', நரம்புக்கு 'அஸப்' என்ற சொற்கள் பல நூற்றாண்டுகளாய்த் தூங்கிக் கிடந்தன. அவற்றைத் தட்டி எழுப்பினர். பழஞ்சொல் கிடைக்காத இடத்தில் புதுச்சொல் ஆக்கினர். அதுவும் இயலாத இடத்தில், ஆக்ஸிஜன் போன்ற பெயர்களை, அரபு எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டனர். தூய்மை என்ற பெயரால் பாடத்தை நிறுத்தி வைக்கவில்லை. எளிமை என்ற பெயரால் மொழியைக் கைவிடவும் இல்லை.

இத்திருத்துநருள் தலைசிறந்தவர் முகம்மது இப்னு உமர் அத்தூனிஸி. 1789 இல் தூனிஸிற் பிறந்து, இளமையிலேயே தார்ஃபூர் நாட்டிற்குச் சென்று ஆண்டுகள் பல அங்குத் தங்கி, பின் எகிப்துக்குத் திரும்பிப் படையில் பணியாற்றி, இறுதியில் இப்பள்ளிக்கு வந்து சேர்ந்தவர். எட்டுத் தொகுதிகள் கொண்ட பிரெஞ்சு மருத்துவ அகராதி ஒன்றின் சொற்களைப் பள்ளியினர் பகிர்ந்துகொண்டு அரபாக்க, அவற்றுடன் பழைய நூல்களிற் கண்ட சொற்களையும் சேர்த்து, 'அஷ்ஷுதூருத் தஹபிய்யா' என்னும் மருத்துவச் சொற்களஞ்சியத்தை இவர் தொகுத்தார்.

இப்பள்ளியில் வேதியியல் கற்பித்து, பின்னர் அதன் தலைவராகவும் விளங்கிய பெரோன் என்னும் பிரெஞ்சியர், அத்தூனிஸியிடம் மாணவராக அமர்ந்து அரபு கற்றார் என்பது நம் உள்ளத்தைத் தொடும் செய்தி. தார்ஃபூர் பயணத்தைப் பற்றி அத்தூனிஸி எழுதிய நூலைப் பெரோன் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1845 இல் வெளியிட்டார். ஆசிரியர் மாணவரானார்; திருத்துநர் ஆசிரியரானார். தகுதியில் குறைந்தவர் மாணவர் மட்டும் அல்லர், தாமும் கற்க வேண்டியது உண்டு என்பதை உணர்ந்த ஆசிரியரால்தான் அப்பள்ளி நின்றது.

பிணக்கூறும் மார்க்கமும்

உடற்கூறு கற்காமல் மருத்துவம் இல்லை. ஆனால் மய்யித்தை அறுத்தல் என்பது மாணவருக்கும் மக்களுக்கும் ஒவ்வாத செயலாயிருந்தது. ஜனாஸாவைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற உணர்வு ஆழ வேரூன்றிய சமுதாயத்தில் அஃது இயல்பே. குளோ உலமாக்களிடம் நேரில் சென்று பேசினார். வெளிப்படையான அனுமதி கிடைக்காவிடினும், அடக்கமாக நடத்திக்கொள்ளலாம் என்ற அளவில் இசைவு கிடைத்தது. தொடக்கத்தில் உடற்கூற்று அறையைச் சுற்றிக் காவல் போடப்பட்டது. மாணவர் ஒருவர் பாட வேளையிலேயே தம்மைக் கத்தியால் தாக்கியதாகக் குளோ எழுதியுள்ளார். அதற்குப் பின்னும் அவர் பாடத்தை நிறுத்தவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு, 'இஸ்லாம் அறிவியலைத் தடுத்தது' என்று எழுதிய ஐரோப்பியர் பலர். இங்கு நாம் நிதானமாக நோக்குதல் வேண்டும். உலமாக்களின் எதிர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது குளோவின் எழுத்தையே. எகிப்தின் ஆவணங்களை நுணுகி ஆராய்ந்த காலித் ஃபஹ்மி போன்ற இக்கால வரலாற்றாசிரியர், அவ்வெதிர்ப்பு அவர் காட்டிய அளவினதா என்று வினவியுள்ளனர். அல்அஸ்ஹரின் தலைமை ஷெய்காக 1830 களில் விளங்கி 1835 இல் மறைந்த ஹஸன் அல்அத்தார், மருத்துவத்திலும் உடற்கூற்றிலும் தாமே நாட்டம் கொண்டவர். அவர் இப்பள்ளிக்கு ஆதரவாகவே நின்றார். அத்தஹ்தாவியைப் பாரிஸுக்கு அனுப்பப் பரிந்துரைத்தவரும் அவரே. தடை மார்க்கத்தினின்று வந்தது என்பதினும், பழக்கத்தினின்று வந்தது. அதை நீக்க முன்வந்தோருள் மார்க்க அறிஞரும் இருந்தனர் என்பதே சரியான தீர்ப்பாகும்.

1832: சோதனை ஆண்டு

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1831 இல் காலரா எகிப்தைச் சூறையாடியபோது ஆற்றிய பணிக்காகக் குளோவுக்குப் 'பே' என்னும் பட்டம் கிடைத்திருந்தது. ஆயினும், 'மொழிபெயர்ப்பின் வழியே கற்றவன் மருத்துவனாவானா?' என்ற ஏளனம் ஓயவில்லை. அதற்கு விடையளிக்க அவர் ஒரு துணிவான செயலைச் செய்தார். தம் மாணவருள் பன்னிருவரை உடனழைத்துக்கொண்டு பாரிஸுக்குச் சென்றார். 1832 இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தின் அறிஞர்கள் முன்னிலையில் அவர்களைத் தேர்வுக்கு நிறுத்தினார்.

அல்அஸ்ஹரில் இலக்கணம் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள், ஐந்தே ஆண்டுகளில், உலகின் தலைசிறந்த மருத்துவ அறிஞர்கள் வினவப் பிரெஞ்சு மொழியில் விடை பகர்ந்தனர், தேறினர். மேலும் சில ஆண்டுகள் பாரிஸிலேயே தங்கி உயர்கல்வி பெற்றுத் திரும்பினர். திரும்பியவர்கள் மீது ஒரு கடமை இருந்தது. தாம் கற்ற துறையின் நூலை அவர்கள் அரபில் மொழிபெயர்த்தாக வேண்டும். கற்றவர் கடனைத் தீர்க்க வேண்டிய நாணயம் நூலே என்று வகுத்த இவ்விதியை நாம் எத்துணைப் பாராட்டினும் தகும்.

அப்பன்னிருவருள் அஹ்மத் ஹஸன் அர்ரஷீதி பல மருத்துவ நூல்களை அரபில் தந்தார். முகம்மது அஷ்ஷாஃபியீ, முகம்மது அலீ அல்பக்லீ ஆகியோர் தாம் படித்த பள்ளிக்கே தலைவர்களாக உயர்ந்தனர். அல்பக்லீ 1865 இல் 'யஃஸூபுத் திப்' என்னும் மருத்துவ இதழை அரபில் தொடங்கினார். ஒரு தலைமுறைக்கு முன் புதிய மருத்துவத்திற்குரிய சொற்கள் போதாதிருந்த மொழியில் மருத்துவ இதழ் ஒன்று வெளிவந்தது. 1876 இல் அபிசீனியப் போர்க்களத்தில் பணிபுரிகையில் அவர் உயிர் துறந்தார்.

அதே 1832 ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவச்சிப் பள்ளியும் தோன்றிற்று. பெண்களைப் பயிற்சிக்கு அனுப்ப எக்குடும்பமும் முன்வராமையால், அடிமைச் சந்தையில் வாங்கப்பட்ட அபிசீனிய, சூடானியப் பெண்கள் பதின்மரைக் கொண்டு அது தொடங்கப்பட்டது. பின்னர் அநாதைச் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். 'ஹகீமா' எனப்பட்ட இவர்கள் பேறுகாலப் பணியும், குழந்தைகளுக்கு அம்மை குத்தும் பணியும் ஆற்றினர். இவர்களின் தொண்டு பெரிது. எனினும் தம் விருப்பம் கேட்கப்படாமலே இவர்கள் அவ்வறிவுக்குள் கொணரப்பட்டனர் என்பதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது.

சாய்ந்த நிழல்

இப்பள்ளியின் வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. 1837 இல் பள்ளி கெய்ரோவின் கஸ்ருல் ஐனிக்கு மாற்றப்பட்டு, நகர மக்களுக்கும் பயன்பட்டது. ஆனால் அதன் வேர் படையிலேயே இருந்தது. கட்டாயப் படைச் சேர்க்கைக்கு அஞ்சி, குடியானவர் தம் விரலைத் தாமே தறித்துக்கொண்ட காலம் அது. அப்படையைக் காக்கவே மருத்துவம் வந்தது. 1841 இல் பாஷாவின் படை 18,000 வீரர் என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டபோது பள்ளிகள் பலவும் வாடின. அவருக்குப் பின் வந்த அப்பாஸ் காலத்தில் ஆதரவு அற்றுப் போக, 1849 இல் குளோ நாடு திரும்பினார். ஸயீத் காலத்தில், 1855 இல், பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டே குளோ திரும்பி வந்து அதை மீண்டும் திறந்தார். 1868 இல் மார்சேயில் அவர் மறைந்தார்.

ஆட்சியாளர் ஒருவரின் விருப்பத்தால் எழுந்தது, மற்றோர் ஆட்சியாளரின் வெறுப்பால் சாய்ந்தது. கீழே தொடக்கப் பள்ளிகளைப் போதிய அளவு பரப்பி உச்சியைத் தாங்க வைக்கும் பணி முழுமை பெறவில்லை. உச்சியில் தொடங்கலாம், உச்சியிலேயே நின்றுவிடலாகாது என்பதற்கு இது சான்று. முன்னர் நாம் குறித்த வழக்கில் முதற் சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1882 இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டு முடிவதற்குள், கஸ்ருல் ஐனியில் அரபு விலக்கப்பட்டு ஆங்கிலம் பயிற்று மொழியாயிற்று. சொல் தேடிச் சொல் தேடிப் பதினாயிரக்கணக்கான பக்கங்களை ஆக்கிய ஷெய்குகளின் உழைப்பு அங்கு அலமாரியை அடைந்தது. ஆனால் அழிந்துவிடவில்லை. பெய்ரூத்தில் 1867 இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி சில ஆண்டுகள் அரபிலேயே கற்பித்தது. திமிஷ்கில் 1919 முதல் இன்றுவரை மருத்துவம் அரபில் கற்பிக்கப்பட்டு வருகின்றது. கஸ்ருல் ஐனியோ, கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவாக இன்றும் நிலைத்திருக்கின்றது.

நாம் எடுத்துக்கொள்வது

அபூ ஸஅபலில் கல்வியின் கடுமை ஒரு சிறிதும் குறைக்கப்படவில்லை. மாணவர் அறியாதவர் என்பதற்காகப் பாடத்தை நீர்த்துப் போகச் செய்யவில்லை. பாரிஸ் அறிஞர் முன் நிறுத்தக் கூடிய தரமே இலக்காக இருந்தது. குறைக்கப்பட்டது வழியிலிருந்த தடை. மொழித் தடை, வறுமைத் தடை, அச்சத்தின் தடை ஆகியவை ஒவ்வொன்றாய் எதிர்கொள்ளப்பட்டன. தரத்தைத் தாழ்த்துவதையும் தடையை நீக்குவதையும் ஒன்றாகக் கருதி நாம் குழம்பும்போதெல்லாம் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

குறையென்று பிறர் ஒதுக்கிய மத்ரஸாக் கல்வியே அங்கு அடித்தளமாயிற்று. நம் பிள்ளைகளிடம் இல்லாதவற்றைப் பட்டியலிடுவதில் நாம் தேர்ந்தவர்கள். அவர்களிடம் இருப்பதைக் கண்டறியும் கண் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

அந்நூறு பேரில் பெரும்பாலோரின் பெயரை வரலாறு காத்து வைக்கவில்லை. பாடத்தை எழுதிக்கொண்டு, பொருள் விளங்காமல் மீண்டும் கேட்டு, இரவில் விளக்கின் முன் அமர்ந்து புதுச் சொற்களை நெட்டுருச் செய்த அவ்விளைஞருக்குத் தாம் தகுதியுடையவர் தாமா என்ற ஐயம் எழாமலா இருந்திருக்கும்? அந்த ஐயம் தீரும்வரை பள்ளி காத்திருக்கவில்லை. அடுத்த முறை நம் ஊரில் பெரியவர்கள் கூடி அப்பழைய வழக்கைத் தொடங்கும்போது, அபூ ஸஅபலின் அந்நூறு மாணவரையும் அவையில் அமர்த்திக்கொண்டு பேசுவோமாக.